முகப்பருவுக்கு மருந்து ஜெல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். பரு ஜெல் வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எந்த மருந்து என்பதைத் தோல் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்கிப் போன மருந்தை முகம் கெடாமல் எப்படிப் போடுவது என்பதை நான் சொல்ல முடியும். நம் மாநிறத் தோலில் பரு மட்டும் கரும்புள்ளி வைப்பதில்லை. மருந்தை அவசரமாக அள்ளிப் பூசியதால் வரும் எரிச்சலும் புள்ளி வைக்கும், அது மாதக்கணக்கில் போகாது. கொஞ்சமாக, மெதுவாக, விடாமல் போட வேண்டும் என்று கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

பரு ஜெல் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. டியூப் மேல் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

பரு வர நான்கு காரணங்கள் சேர்கின்றன. எண்ணெய் அதிகம் சுரக்கிறது. முடித்துளையின் வாய் இறந்த தோலால் அடைபடுகிறது. உள்ளே பாக்டீரியா பெருகுகிறது. அந்த இடம் சிவந்து வீங்குகிறது. ஒவ்வொரு மருந்தும் இதில் ஒன்றிரண்டைத்தான் கவனிக்கும்.

அடாபலின், ட்ரெடினாயின் இரண்டும் ரெட்டினாய்டு வகை. அடைப்பு உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும். கரும்புள்ளி முனை வைத்த பரு, சின்னச் சின்ன வெள்ளைப் பொரி இருப்பவர்களுக்கு இதுதான் அடிப்படை மருந்து. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்லும், 2.5 சதவீதம், 5 சதவீதம் என்று வருகிறது. கிளிண்டாமைசின் ஒரு ஆன்டிபயாடிக், பெரும்பாலும் 1 சதவீத ஜெல்லாக வரும். அசிலாயிக் அமிலம் கொஞ்சம் சாதுவான மருந்து, பரு விட்டுப்போன கறுப்பையும் மெல்லக் குறைக்கும். இவற்றில் இரண்டைச் சேர்த்து ஒரே டியூப்பில் அடைத்ததும் உண்டு. அடாபலினும் கிளிண்டாமைசினும் சேர்ந்தது நம் ஊரில் நிறைய எழுதப்படுகிறது.

அமெரிக்காவில் 0.1 சதவீத அடாபலின் ஜெல்லை 2016-லிருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அதை இணையத்தில் பார்த்துவிட்டு இங்கேயும் கேட்கிறார்கள். இங்கே டாக்டரிடம் ஒருமுறையாவது முகத்தைக் காட்டி எழுதி வாங்குவதே நல்லது.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிரீம் கொடுத்தாங்க. ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. தொடரலாமா?

உடனே டியூப்பைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பருவுக்கு அது மருந்தே கிடையாது.

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே மனசு பதறும். ஸ்டீராய்டு முதல் வாரம் சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும், நிறமும் கொஞ்சம் வெளுக்கும். அதனால் நல்ல மருந்து என்று நம்பிவிடுகிறோம். சில மாதம் போனால் தோல் மெலிந்து, கன்னத்தில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் தெரியும், முகத்தில் முடி வளரும், வெயிலில் நின்றால் எரியும். நிறுத்தினால் முகம் முழுக்கப் பரு கொத்துக் கொத்தாக வரும். பயந்துபோய் மறுபடி அதையே தடவுவார்கள். இப்படிச் சிக்கியவர்கள் இத்தனை பேர் என்பதால்தான் தோல் டாக்டர்கள் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்தது. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய பட்டியலுக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. அப்படியும் சிவப்பழகு கிரீம் என்ற பெயரில் அவை கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நீங்களே நிறுத்திவிட்டு அவதிப்பட வேண்டாம். டியூப்பையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எப்படி விடுவது, இடையில் என்ன போடுவது என்று அவர் சொல்வார். மருந்தின் பெயரே அச்சிடாத டப்பா என்றால் முகத்தில் வைக்கவே வேண்டாம்.

ஒரு தடவைக்கு எவ்வளவு போடணும்? பரு மேல் மட்டும் வைத்தால் போதாதா?

முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. அவ்வளவுதான். அதிகம் போட்டால் சீக்கிரம் போகும் என்பது நடக்காது, எரிச்சல்தான் அதிகமாகும்.

பரு வந்த இடத்தில் மட்டும் பொட்டு வைப்பது போல வைக்கிறார்கள். அடாபலினுக்கு அது சரியான முறை இல்லை. அந்த மருந்தின் வேலை, இனி வரப்போகும் பருவைத் தடுப்பது. இன்று கண்ணுக்குத் தெரியும் பரு பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கியது. அதனால் பரு வழக்கமாக வரும் பகுதி முழுக்க மெல்லிய படலமாகத் தடவ வேண்டும்.

ராத்திரி முகத்தைச் சாதாரண ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒரு 20 நிமிடம் விடுங்கள், ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கி எரியும். அப்புறம் அந்தப் பட்டாணி அளவை நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று புள்ளி புள்ளியாக வைத்துப் பரப்புங்கள். கண்ணைச் சுற்றி, மூக்கின் ஓர மடிப்பு, உதட்டோரம் இந்த மூன்று இடத்தையும் விட்டுவிடுங்கள். கடைசியில் மாய்ஸ்சரைசர். காலையில் கழுவிவிட்டு சன்ஸ்கிரீன்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். சீக்கிரம் எரியும் தோல் என்றால் வாரத்துக்கு இரண்டு ராத்திரியில் ஆரம்பித்தாலும் தப்பில்லை. முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஜெல், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று போடும் முறையும் உண்டு. எரிச்சல் நன்றாகக் குறையும். பழகிய பிறகு தினமும் போடலாம். பென்சாயில் பெராக்சைடு ஜெல் எரிந்தால், ஐந்து பத்து நிமிடம் வைத்திருந்து கழுவிவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அந்த அளவே போதுமானதாக இருக்கும்.

சென்னை வேர்வையில் மாய்ஸ்சரைசர் எதற்கு? ஏற்கெனவே எண்ணெய் வழிகிறதே!

எண்ணெய் வேறு, ஈரப்பசை வேறு. எண்ணெய் வழியும் முகத்திலும் மருந்து பட்டால் மேல்தோல் காய்ந்து உரியும். மாய்ஸ்சரைசர் போடாதவர்கள்தான் பாதியில் மருந்தை விட்டுவிடுகிறார்கள். நம் ஊருக்கு கெட்டியான கிரீம் வேண்டாம். ஜெல் மாதிரியோ லோஷன் மாதிரியோ இருப்பது போதும். அட்டையில் நான்-காமெடோஜெனிக் என்று இருக்கிறதா பாருங்கள். துளையை அடைக்காத வகை என்று அர்த்தம். தேங்காய் எண்ணெயை முகத்துக்குப் போடாதீர்கள், அது அடைக்கும்.

போட ஆரம்பித்த பிறகு பரு அதிகமாகிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

ரெட்டினாய்டு போட்டால் முதல் சில வாரம் அப்படி ஆகலாம். உள்ளே ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தவை மேலே வருகின்றன. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். நல்ல மாற்றம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஆரம்பித்த அன்றே பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மாதம் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

எந்த எரிச்சல் சாதாரணம், எது ஆபத்து?

லேசாகக் காந்துவது, வறட்சி, கொஞ்சம் செதில் உரிவது, முதல் மாதம் இருக்கும். ஒரு நாள் விட்டுப் போட்டால் அடங்கும்.

முகம் தடித்துச் சிவந்தால், கொப்புளம் வந்தால், கடும் அரிப்பு எடுத்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள், டாக்டரைப் பாருங்கள். உதடு, கண், நாக்கு வீங்குவது, மூச்சுத் திணறல், தொண்டை இறுகுவது, மயக்கம் வருவது ஆகியவை அவசரம். காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் உள்ள பரு மருந்துகளில் இப்படிக் கடுமையான ஒவ்வாமை அபூர்வமாக வருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையிலேயே ஒரு நல்ல யோசனையும் இருந்தது: புதிதாக வாங்கியதை முதல் மூன்று நாள், பரு உள்ள ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் துளி வைத்துப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முழுதாகத் தொடங்குங்கள்.

கிளிண்டாமைசின் போடும் நாட்களில் வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலோ ரத்தம் கலந்து போனாலோ மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். தடவும் மருந்தால் அப்படி ஆவது மிகமிக அபூர்வம், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

கிளிண்டாமைசின் ஜெல் எரியவே இல்லை, நன்றாகவும் இருக்கிறது. அதை மட்டும் வருடக்கணக்கில் போடலாமா?

வேண்டாம். ஆன்டிபயாடிக்கை மட்டும் தனியாக நீண்ட நாள் போட்டால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும், அப்புறம் மருந்து பிடிக்காது. அதனால்தான் டாக்டர்கள் கூடவே பென்சாயில் பெராக்சைடு எழுதுகிறார்கள். அதற்குப் பாக்டீரியா பழகுவதில்லை. சுமார் மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு ரெட்டினாய்டை மட்டும் தொடர்வது வழக்கம். பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி அதே டியூப்பை வாங்குபவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: சீட்டில் எத்தனை வாரம் என்று இருக்கிறதோ அத்தனை வாரம்.

வெயிலில் அலையும் வேலை. ஜெல் போடலாமா?

போடலாம், ராத்திரியில். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம், எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல். ரெட்டினாய்டு போட்ட தோல் வெயிலுக்குச் சீக்கிரம் சிவக்கும், கறுக்கும். சன்ஸ்கிரீனை அக்னி நட்சத்திரத்தில் மட்டும் போட்டுவிட்டு மார்கழியில் விட்டுவிடுகிறார்கள். சென்னையில் எல்லா மாதமும் வெயில் மாதம்தான். டெலிவரி வேலை, மார்க்கெட்டிங் வேலை என்று பைக்கில் சுற்றுபவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். வேர்வையைத் துடைத்ததும் அது போய்விடும். பருவுக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம், அதுவும் வெயில் ஒவ்வாமையை அதிகமாக்கும்.

தலையணை உறை வெள்ளை வெள்ளையாகிவிட்டது!

பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும். வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சட்டையின் காலர் பக்கம் படாமல் பாருங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். போடலாமா?

அடாபலின், ட்ரெடினாயின் வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். தெரியாமல் சில நாள் தடவிவிட்டீர்கள் என்றால் பீதி அடைய வேண்டாம். தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு. நிறுத்திவிட்டு உங்கள் மகப்பேறு டாக்டரிடம் சொல்லுங்கள். அசிலாயிக் அமிலம் போன்ற மாற்று உண்டு, அவர் பார்த்து எழுதுவார்.

பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை முற்றிலும் வேறு விஷயம். அது கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. தோழியின் மாத்திரையை வாங்கிப் போடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும்.

பையனுக்கு 13 வயசு. இந்த வயதில் மருந்து தேவையா, தானாகப் போய்விடாதா?

சிலருக்குத் தானாகக் குறையும். ஆனால் வலிக்கும் கட்டி மாதிரி வந்தால் தழும்பு விழும், தழும்பு தானாகப் போகாது. அதனால் "வயசுக் கோளாறு, விடு" என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த வயதுக்குப் போடக்கூடிய ஜெல்கள் இருக்கின்றன. டாக்டரிடம் காட்டிவிட்டு, முதல் ஒரு வாரம் நீங்களே பக்கத்தில் நின்று அளவு காட்டிக் கொடுங்கள். இன்னொன்று, அம்மாக்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: உறவுக்காரர்கள் முன்னால் பிள்ளையின் முகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அந்த வயதில் அது எவ்வளவு வலிக்கும் என்பது கடையில் தலை குனிந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் தெரிகிறது.

மஞ்சள், எலுமிச்சை, டூத்பேஸ்ட்?

எலுமிச்சையும் டூத்பேஸ்ட்டும் வேண்டவே வேண்டாம். எரிச்சலும் கறுப்பும்தான் மிஞ்சும். மஞ்சள் பூசிக் குளிப்பது பழக்கம் என்றால், மருந்து போடும் காலத்தில் முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பயத்தமாவு, வால்நட் ஸ்க்ரப் என்று எதையும் தேய்க்க வேண்டாம். மெலிதாக உரியும் தோலில் தேய்ப்பு ஆகாது.

போர்வெல் உப்புத் தண்ணீரால் பரு வருமா? ஹெல்மெட்டால்?

உப்புத் தண்ணீரால் பரு வருவதில்லை. ஆனால் அதில் சோப்பு சரியாகப் போகாமல் தோலில் தங்கி வறட்சி கூடும், ஜெல்லின் எரிச்சலும் கூடும். முகம் கழுவ மட்டும் ஒரு சொம்பு மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ வைத்துக்கொண்டால் நல்லது.

ஹெல்மெட்டின் பட்டை உரசும் தாடையிலும், பஞ்சு அழுத்தும் நெற்றியிலும் பரு வரும். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு, அதைத் தினமும் துவையுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பவர்களுக்கு நெற்றி ஓரத்தில் வரிசையாக வருவதும் உண்டு. ராத்திரி எண்ணெய் வைத்துப் படுக்காமல், குளிப்பதற்கு முன் வைத்துக் கழுவிவிடுங்கள்.

நெற்றியிலும் முதுகிலும் ஒரே மாதிரி சின்னச் சின்னப் பொரி, அரிக்கிறது. ஜெல் போட்டும் போகவில்லை.

அது பருவாக இல்லாமல் இருக்கலாம். வேர்வை அதிகமுள்ள ஊர்களில் முடித்துளையில் பூஞ்சை வளர்ந்து இப்படி வருவது சகஜம். எல்லாம் ஒரே அளவில் இருக்கும், அரிக்கும். ஆன்டிபயாடிக் போட்டால் இன்னும் அதிகமாகும். இதற்குப் பூஞ்சை மருந்துதான் தேவை, டாக்டர் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

பார்லருக்குப் போகலாமா?

ரெட்டினாய்டு போடும் முகத்தில் வாக்ஸிங் செய்தால் தோலோடு உரிந்து வந்துவிடும். ப்ளீச்சும் வேண்டாம். த்ரெட்டிங் செய்ய வேண்டுமென்றால் சில நாட்கள் முன்பே அந்த இடத்தில் மருந்தை நிறுத்திவிடுங்கள், பார்லர் அக்காவிடமும் சொல்லிவிடுங்கள்.

டியூப்பை எங்கே வைப்பது?

அட்டையில் 25 டிகிரியா 30 டிகிரியா என்று போட்டிருக்கும். மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் வைத்த டியூப்பை நம்பாதீர்கள். ஜன்னலோரம், சமையலறை மேடை வேண்டாம். படுக்கையறை அலமாரி போதும். ஃப்ரிட்ஜ் என்று எழுதியிருந்தால் மட்டும் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் கூடாது.

எப்போது கண்டிப்பாக டாக்டரிடம் போகணும்? செலவுக்கு வழியில்லை என்றால்?

வலிக்கும் பெரிய கட்டிகள், பள்ளமாகத் தழும்பு விழுவது, மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் மாற்றமில்லாதது, முதுகு மார்பு வரை பரவியது, இவற்றில் எது இருந்தாலும் ஜெல் மட்டும் போதாது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், தாடையில் முடியும் வளர்ந்து, கூடவே பருவும் இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள்.

தனியார் கிளினிக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ, ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். மூன்றிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் புறநோயாளி சீட்டு போடுங்கள். முகத்தில் போட்ட எல்லா டியூப்பையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், காலியானதையும் சேர்த்து. முகத்துக்கு என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள் சிலர். அங்கே இதே காரணத்துக்காக வரிசையில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டு வாரத்தில் கல்யாணம். ஏதாவது வேகமாக வேலை செய்யும் ஜெல் உண்டா?

இரண்டு வாரத்தில் முகத்தை மாற்றும் ஜெல் கிடையாது. இப்போது புதிதாக ரெட்டினாய்டு ஆரம்பித்தால் முகூர்த்தத்தன்று தோல் உரிந்துகொண்டிருக்கும், மேக்கப்பும் நிற்காது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் அப்படியே தொடருங்கள், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், கிள்ளாதீர்கள். கடைசி நேரத்தில் பெரிய கட்டி ஒன்று வந்துவிட்டால் தோல் டாக்டர் அதற்குள் மட்டும் ஒரு சின்ன ஊசி போட்டு ஒன்றிரண்டு நாளில் அமுக்கிவிட முடியும். அதற்கு மூன்று நான்கு நாள் முன்பே போய்விடுங்கள்.